அண்ணையின் படையலில் வைத்த எஸ்.ஜி. தோட்டா

என் ஆசை அண்ணைக்கு,

நீங்கள் போய் ஒரு வருசம் ஆகிவிட்டது. சுகமா என்று கேட்க வாய் வருகிறது, பிறகு விசர் மாதிரி இருக்கிறது. இங்கே காலபோக நெல் வெட்டுத் தொடங்கிவிட்டது. உங்கள் சிவலைப் பசு கன்று போட்டு, கன்றும் வேலி பாய்கிற அளவுக்கு வளர்ந்துவிட்டது. அந்தப் பசுவைத் தேடித்தானே அன்றைக்குக் காட்டுக்குள் இறங்கினீர்கள். கோதாரியில் போன மாடு, மறுநாள் தானாகவே பட்டிக்கு வந்து நின்றது.

இந்தக் கடிதத்தை ஊரும் வாசிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். துணுக்காய்ப் பக்கம் ஒரு வருசமாக உங்களைப் பற்றி உலாவிய கதை உங்களுக்குக் கேட்டதோ தெரியாது. பன்றிக்குக் கட்டுத்துவக்கு வைக்கப் போய், தன் வெடியில் தானே செத்த மனிசன் என்று சொன்னார்கள். மிருகம் வருகிற தடத்தில் குழாயை மறைத்துக் கட்டி, குறுக்கே கம்பி இழுத்துவிட்டு வீட்டில் வந்து படுக்கிறார்களே, அந்தக் கேவலத்தை உங்கள் தலையில் கட்டினார்கள்.

நீங்களா? துவக்கைக் கண்டால் தெருவின் மற்றப் பக்கத்தால் போகிறவர் நீங்கள். இறைச்சியைக் கண்டால் மட்டும் அப்படிப் போக மாட்டீர்கள், அது எனக்குத் தெரியும். நான் மான் வத்தல் பொரித்தால் அந்த மணத்துக்கு எங்கள் குசினி வாசலில் வந்து, "சும்மா வந்தனான் தங்கச்சி" என்று நிற்பீர்கள். சும்மா வந்தவருக்கு ஒரு கோப்பை சோறு போட வேண்டும்.

அந்தக் கதையை முதலில் சொன்னவர் உங்கள் மச்சான். என்னைக் கட்டியவர். உங்களைக் காட்டிலிருந்து தூக்கி வந்த அன்று பொலிஸ் கேட்டபோது, "கட்டேக்குள்ளை வெடிச்சிருக்கும் சேர், அவர் கனகாலமாய்க் கட்டுறவர்" என்று அழுதழுது சொன்னார். எங்கட அண்ணையோ என்று நான் கேட்டேன். "ஆம்பிளையள் எல்லாத்தையும் பொம்பிளையளுக்குச் சொல்லிக்கொண்டு திரியிறேல்லை" என்று என் வாயை அடைத்தார்.

அதற்குப் பிறகு உங்கள் மனிசி, என் மச்சாள், பட்ட பாடு சொல்லி முடியாது. கோயிலுக்குப் போவதையே விட்டுவிட்டார். ஆருடையதோ மாடு ஒன்று வேறெங்கோ கட்டுத்துவக்கில் கால் முறிந்து வந்ததற்கு, மாட்டுக்காரன் மச்சாள் வீட்டுப் படலையில் நின்று, "உன்ரை மனிசன் கட்டினது காட்டுக்குள்ளை இன்னும் எத்தினை கிடக்கு?" என்று கத்தினான். தாலி கழற்றிய கையோடு இருந்த பெண்ணிடம் கேட்கிற கேள்வியா அது? மச்சாள் படலையைச் சாத்தக்கூட இல்லை.

இனி அந்த எஸ்.ஜி. தோட்டாக்களைப் பற்றிச் சொல்கிறேன். முன்பு நான் சொல்லச் சொல்ல நீங்கள் சிரிப்பீர்கள். இனிச் சிரிக்க ஏலாது.

அவை பெரிய ஈயக் குண்டு அடைத்த வேட்டைத் தோட்டாக்கள், என் மனிசனுடைய தகப்பன் காலத்துச் சரக்கு. சண்டை முடிந்து மீளக் குடியேறி வந்த முதல் கிழமை, ஊரே கிணறு இறைத்தது, நகை புதைத்த இடத்தைத் தோண்டியது. இவர் தோட்டா புதைத்த இடத்தைத் தோண்டினார். துவக்கு எங்கேயோ தொலைந்துவிட்டது. துவக்கே இல்லாத மனிசனுக்குத் தோட்டா எதற்கு என்று கேட்டேன். நல்ல எஸ்.ஜி. வீணாகப் போகக் கூடாதாம். தோட்டாவுக்காகவே பிறகு குழாய் தேடினார்.

என்னுடைய பால்மாப் பேணியில் பச்சையரிசி போட்டு அதற்குள் அவற்றைப் புதைத்து வைப்பார், ஈரம் பிடிக்காதாம். வெயில் எறித்தால் நான் மோர் மிளகாய் காயவிடுகிற சுளகில் ஓர் ஓரமாக அதுவும் காயும். சிவப்புக் கோது, பித்தளை அடி. பித்தளையைச் சாரத்தால் துடைத்து, மூக்கில் வைத்து மணந்து பார்ப்பார். அவருடைய வேட்டைக் கூட்டாளி தவம் வந்துவிட்டால் இரண்டு பேரும் முற்றத்தில் கதிரை போட்டுக் குந்திவிடுவார்கள்.

"எஸ்.ஜி. எண்டா எஸ்.ஜி.தான். மரைமானெண்டாலும் நிண்ட இடத்திலை விழுத்தும்."

"மற்றதெல்லாம் கொக்குச் சுடத்தான் சரி," என்பார் தவம்.

"என்ன வடிவெண்டு பாரன்!"

கலியாணம் கட்டி இத்தனை வருசத்தில் என்னை ஒருநாளும் வடிவு என்று சொன்னதில்லை. சரி, போகட்டும். ஓர் உயிரைக் கிழிக்கிற சாமானைக் கைக்குழந்தை மாதிரி உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு இருப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்திருக்கிறேன். அதற்குத் தேத்தண்ணியும் ஊற்றிக் கொடுத்திருக்கிறேன். அவரும் கட்டுகிறவர்தான் என்று தெரிந்தும், அன்றைக்கு அவர் அழுத அழுகையை நம்பிவிட்டேன்.

உங்கள் முதல் வருச ஆட்டத் திவசம் போன மாதம் நடந்தது. ஐயர் வந்து, மரக்கறியோடு எல்லாம் ஒழுங்காக முடிந்தது. அடுத்த நாள் மச்சம் காய்ச்சிப் படைக்க வேண்டும் என்று உங்கள் மச்சான்தான் ஒற்றைக்காலில் நின்றார். எங்கிருந்தோ மரை இறைச்சி வந்தது. மச்சாள் வீட்டில் உங்கள் படத்துக்கு முன்னால் வாழையிலை விரித்து, சோறும் இறைச்சிக் கறியும் கத்தரிக்காய்ப் பால்கறியும் போட்டோம். நீங்கள் தொடாத சாராயத்தையும் தவம் ஒரு கிளாசில் ஊற்றி வைத்தார். அவருக்குக் குடிக்க ஒரு சாட்டு வேண்டும்தானே.

அப்போது உங்கள் மச்சான் சேர்ட் பொக்கற்றுக்குள் கையை விட்டு எஸ்.ஜி. ஒன்றை எடுத்தார். துடைத்தார். உங்கள் சோற்றுக்குப் பக்கத்தில், அதே இலையில் வைத்தார்.

"மச்சானுக்கு என்ரை மரியாதை," என்றார்.

மச்சாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு குசினிக்குள் போய்விட்டார். எனக்கு அந்த இலையைச் சுருட்டி எறிய வேண்டும் போலிருந்தது. உங்கள் தொடையைப் பிய்த்ததும் இதே சாதிச் சாமான்தான். பிரேதத்தைக் கழுவியபோது மச்சாளுக்குப் பக்கத்தில் நின்றவள் நான். படைத்த நேரத்தில் சண்டை வேண்டாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

படையல் எடுத்து, எல்லாரும் சாப்பிட இருந்தோம். ஆம்பிளைகள் இரண்டு பேருக்கும் நல்ல சாராய வெறி. தவம் அந்தத் தோட்டாவை எடுத்து உருட்டிப் பார்த்துவிட்டு, "உது சரியான பழசடாப்பா, இனி எங்கை வெடிக்கப் போகுது?" என்றார்.

பெற்ற பிள்ளையைக் குறை சொன்ன மாதிரி உங்கள் மச்சானுக்கு ரோசம் வந்துவிட்டது.

"என்ன கதை கதைக்கிறாய்? போன வருசம் மூண்டு நாள் மழைக்குள்ளை கிடந்தது. குளம் நிரம்பி வான் பாஞ்ச மழை! துளியும் ஊறேலை. கம்பியிலை கால் பட்ட உடனை ஒரே வெடி. பழசாம்! எஸ்.ஜி.யைப் பற்றி எனக்குச் சொல்லுறாய்!"

நான் கறிச்சட்டியோடு நின்றேன். சட்டி கையில் சுட்டது, கீழே வைக்கத் தோன்றவில்லை.

"என்னது மூண்டு நாள் மழைக்குள்ளை கிடந்தது?" என்று கேட்டேன்.

தவம் சோற்றைப் பார்த்தார். உங்கள் மச்சான் என்னைப் பார்த்து, "சும்மா... அது வேறை," என்றார்.

"எது வேறை? போன வருசம் குளம் வான் பாஞ்ச மூண்டு நாளும் அண்ணை வவுனியா ஆசுப்பத்திரியிலை வருத்தமாய்க் கிடந்த மாமியோடை நிண்டவர். மழை விட்ட மத்தியானம்தான் பஸ்ஸாலை வந்து இறங்கினவர். மாட்டைக் காணேலையெண்டு அப்பிடியே காட்டுக்குப் போனவர். அப்ப அந்த மூண்டு நாளும் காட்டுக்குள்ளை கட்டிக் கிடந்த துவக்கு ஆருடையது?"

மச்சாள் குசினி வாசலுக்கு வந்துவிட்டார். இனி மறைக்க ஏலாது என்று தெரிந்ததும் உங்கள் மச்சானுக்குக் கோபம்தான் வந்தது. அழுகை வரவில்லை, வெட்கம் வரவில்லை.

"நான் குழை போட்டனான்!" என்று கத்தினார். "ஐயன்ரை மரத்திலை, ஆருக்கும் தெரியிற மாதிரிச் செருகினனான். உன்ரை கொண்ணை பாத்து நடந்திருக்க வேணும்."

கேட்டீர்களா அண்ணை? ஐயனார் மரத்தில் குழை! கட்டுத்துவக்கு வைத்தால் தடத்தின் வாயில் பச்சை இலைக் குழை முறித்து வைப்பது வேட்டைக்காரரின் அடையாளமாம். அதைக் கொண்டுபோய், காட்டுக்குள் இறங்குகிற சனம் எல்லாம் ஐயனாருக்கென்று குழை முறித்துச் செருகிக் கும்பிட்டுவிட்டுப் போகிற பாலை மரத்தில் வைத்திருக்கிறார். விறகுக்குப் போகிறவள் வைத்த குழை, தேனெடுக்கப் போகிறவன் வைத்த குழை, அதற்குள் இவருடையதும் ஒன்று. உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்களும் ஒரு குழையை முறித்து வைத்து, மாடு கிடைக்க வேணும் என்று கும்பிட்டுவிட்டுத்தான் அந்தத் தடத்தில் கால் வைத்திருப்பீர்கள்.

பிழை நடந்தது என்றால் அழுது தொலைக்கலாம். ஆனால் உங்களைத் தூக்கி வந்த அன்றே தன் துவக்கு என்று தெரிந்துகொண்டு, உங்களுடைய பெயரில் அதை எழுதிவிட்டு, ஒரு வருசம் என் கையால் சோறு தின்றாரே! உங்கள் பிரேதப் பெட்டியைத் தோளில் சுமந்தாரே! கொன்ற சாமானின் கெட்டித்தனத்தை, செத்தவனின் படத்துக்கு முன்னால் இருந்து மெச்சுகிற வாயை என்னவென்று சொல்வது? த்தூ. ஓம் அண்ணை, துப்பினேன். சாப்பிடுகிற இடத்தில்தான் துப்பினேன்.

அவர் எழும்பிப் போன பிறகு மச்சாள் என் கையைப் பிடித்தார்.

"இஞ்சை பார், நான் உன்னட்டை ஒண்டும் கேக்க மாட்டன். உனக்கும் பிள்ளை இருக்கு. ஆனால் என்ரை மனிசன் கட்டினதெண்டு இனி ஆரும் என்ரை படலையிலை வந்து கத்தக் கூடாது."

அவர் கேட்டது அவ்வளவுதான். அடுத்த நாள் காலமை என் மனிசனிடம், "நீங்களாய்ப் போய்ச் சொல்லுங்கோ," என்றேன். "நான் உள்ளை போனால் உங்களுக்கு ஆர் சோறு போடுறது?" என்று கேட்டார். நான் சேலையை மாற்றிக்கொண்டு, மச்சாளையும் கூட்டிக்கொண்டு பொலிசுக்குப் போனேன். வாக்குமூலம் எழுதியவர், "உங்கட புருசன்தானே, யோசிச்சுப்போட்டோ வந்தனீங்கள்?" என்று கேட்டார். செத்தது என் அண்ணை என்று சொன்னேன். தவமும் ஒளிக்க ஏலாமல் உண்மையைச் சொல்லிவிட்டார்.

என் மனிசனைக் கூட்டிப்போக வந்த பொலிஸ்காரர் குழாய்களோடு அந்தப் பால்மாப் பேணியையும் எடுத்தார்கள். வாசலில் நின்று, கையில் விலங்கோடு, அவர் என்ன சொன்னார் தெரியுமா? "சேர், பேணியைக் கவனமாய்ப் பிடியுங்கோ, ஈரம் படப்போகுது." மகளைப் பார்த்து ஒரு சொல் இல்லை. என்னைத் திட்டக்கூட இல்லை. அந்த ஆளோடு எப்படி இவ்வளவு காலம் ஒரே பாயில் படுத்தேன் என்று எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

இப்போது கதை மாறிவிட்டது அண்ணை. மாட்டுக்காரன் மச்சாளிடம் வந்து, தெரியாமல் கத்திவிட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனான். மச்சாள் வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனார். என்னைக் கண்டால்தான் இப்போது சனம் கதையை நிறுத்துகிறது. காட்டிக் கொடுத்தவள் என்கிறார்கள். சண்டை பார்த்த வன்னியில் அந்தச் சொல்லின் பாரம் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. என் மகளும் அதைச் சொல்லிவிட்டாள். "மாமா இனித் திரும்பி வரப்போறாரோ? அப்பாவைக் காட்டிக் குடுத்திட்டியள்" என்றாள். அன்றிலிருந்து என்னோடு கதைப்பதில்லை. தானே சோறு போட்டுச் சாப்பிடுகிறாள், தானே பள்ளிக்கூடம் போகிறாள்.

நான் செய்தது சரியா அண்ணை? இருந்தால் நீங்களே, "விடு தங்கச்சி, அவனும் வேணுமெண்டு செய்யேலைத்தானே" என்று சொல்லியிருப்பீர்களோ? சொல்லக்கூடியவர்தான். அதை நினைத்தால்தான் எனக்கு அழுகை வருகிறது.

வழக்குக்கு நாள் குறித்திருக்கிறார்கள். அவர் கூண்டில் நிற்பார், மகளும் வந்து அவருக்குப் பக்கமாக வாங்கில் குந்தியிருப்பாளாம். நான் அவளுடைய முகத்தைப் பார்த்துக்கொண்டே சொல்லுவேன், உன் மாமா கட்டவில்லை, உன் அப்பாதான் கட்டினார் என்று. குரல் நடுங்கினால் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பவும் சொல்லுவேன். அவள் என்னோடு இனிக் கதைக்காவிட்டாலும் சொல்லுவேன். இது உங்கள் மேல் சத்தியம்.

அவருடைய மனைவி என்று எழுதக் கை வராத,
உங்கள் ஒரே தங்கச்சி