இடது பின்பக்கம் இறங்குகிறது

பிப்ரவரி 17, திங்கள்

மறுபடியும் காரின் இடது பின்பக்கம் உட்கார்ந்துவிட்டது. நேற்று நேராகத்தான் நிறுத்தினேன். காலையில் பார்த்தால் வாசலில் ஒருக்களித்துக் கிடக்கிறது. எதிர்வீட்டு பெஞ்சமின் அங்கிள் பல் தேய்த்துக்கொண்டே, "என்ன தம்பி, வண்டி இன்னும் எந்திரிக்கலையா? லீவு லெட்டர் எழுதிக் குடுத்துடு" என்கிறார். எடமலைப்பட்டி புதூர் முழுக்க இன்று இந்த ஜோக்தான் ஓடியிருக்கும்.

இந்த வண்டியில் ஸ்பிரிங் கிடையாது. நான்கு மூலையிலும் காற்றடைத்த ரப்பர் பை. கம்ப்யூட்டர் சொல்கிற உயரத்துக்கு ஏறும், இறங்கும். பழைய சொகுசு வண்டி வாங்காதே, அதுவும் ஏர் சஸ்பென்ஷன் உள்ளதை வாங்கவே வாங்காதே என்று துவாக்குடியில் என்னோடு வேலை பார்க்கிற அத்தனை பேரும் சொன்னார்கள். வாங்கினேன். ஆசைக்குத்தான் வாங்கினேன். அதில் என்ன வெட்கம்?

பிப்ரவரி 19, புதன்

இப்போது ஆசை இல்லை, தேவை.

ஜனவரியில் அம்மாவுக்கு இடுப்பு மூட்டு ஆபரேஷன். டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: தாழ்வான சீட்டில் உட்காரக் கூடாது, காலை உயரத் தூக்கி ஏறவும் கூடாது. ஆட்டோ, சின்ன கார் எல்லாம் தாழ்வு. பெரிய வண்டி எல்லாம் உயரம். என் வண்டி ஒன்றுதான் பட்டனை அழுத்தினால் இறங்கி, சீட்டை அம்மாவின் இடுப்பு உயரத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தும். டேப் வைத்து அளந்துவிட்டேன். கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆனால் நான் சொல்லும்போது இறங்க வேண்டும், திரும்ப ஏறவும் வேண்டும்.

மார்ச் 14 அன்று ஸ்ரீரங்கத்தில், அம்மாவின் பள்ளியில் அவளுக்குப் பிரிவு உபசார விழா. கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அங்கே மூன்றாம் வகுப்பு எடுத்தவள். லிசி டீச்சர் என்றால் அந்தப் பக்கம் பெரிய ஆள்களும் சட்டையைச் சரிசெய்துகொள்வார்கள். ஆம்புலன்ஸ் பிடிக்கலாமா என்று கேட்டார் அப்பா.

"ஸ்ட்ரெச்சர்ல படுத்துக்கிட்டு மாலை வாங்கவா? மலர்வளையம்னு நெனச்சுப்பாங்க" என்றாள் அம்மா.

ஆகவே வண்டி. ஆகவே நான்.

பிப்ரவரி 23, ஞாயிறு

சர்ச் பூசைக்குப் போகவில்லை. அம்மா முறைத்தாள். வண்டிக்கு அடியில் படுத்து, ஒவ்வொரு காற்றுக் குழாயிலும் சோப்புத் தண்ணீரைத் தடவிக்கொண்டே வந்தேன். வால்வுக்குப் பக்கத்து இணைப்பில் குமிழ்! கடுகு அளவுதான், ஆனால் நிற்காமல் வருகிறது. குழாயின் நுனியை நறுக்கிவிட்டுப் புது இணைப்பைப் போட்டேன். குமிழ் நின்றது. அவ்வளவுதான் விஷயம். இதற்குப் போய் ஊரே பயப்படுகிறது.

பிப்ரவரி 24, திங்கள்

இறங்கிவிட்டது. இப்போது ஓடிக்கொண்டிருக்கும்போதே இறங்குகிறது. சே.

மார்ச் 1, சனி

பால்பண்ணை பஸ் ஸ்டாப் பக்கத்தில் நிஜாமுதீன் பாய் ஒர்க்‌ஷாப். அடியில் போய்ப் பார்த்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"நம்ம ரோட்டுக்குக் காத்து எதுக்கு தம்பி? நாலு பையையும் கழட்டிட்டு ஸ்பிரிங் போட்டுடுவோம். அப்புறம் ஆயுசுக்கும் இறங்காது."

"இறங்கணும் பாய். அதான் எனக்கு வேணும்."

"இறங்குதுன்னுதானே கொண்டு வந்தீங்க?"

அம்மாவைப் பற்றிச் சொன்னேன். "சரி, அடுத்த ஞாயித்துக்கிழமை வரைக்கும் நீங்களே பாருங்க. முடியலன்னா ஸ்பிரிங்தான். இப்படியே ஓட்டுனா காத்தடிக்கிற கம்ப்ரஸர் எரிஞ்சிடும்" என்றார்.

நியாயமான பேச்சு. அதனால்தான் இன்னும் எரிச்சல். ஸ்பிரிங் போட்டால் வண்டி எப்போதும் ஒரே உயரத்தில் நிற்கும். அம்மாவால் ஏற முடியாது.

வீட்டுக்கு வந்தால், "விடுடா ஆசீர். வீடியோ கால் போடச் சொல்லிட்டேன். எல்லாருக்கும் கை காட்டிட்டு வச்சிடுறேன்" என்கிறாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அந்தச் சிரிப்புதான் தாங்கவில்லை. அதெல்லாம் முடியாது. போயே ஆகணும்.

மார்ச் 8, சனி

யோசி. காற்று போகிறது. ஆனால் எங்கேயும் குமிழ் இல்லை. அப்படியானால் — ஓட்டையே இல்லையோ? வண்டியே காற்றை வெளியே விடுகிறதோ?

லேப்டாப்பை இணைத்து நான்கு பையிலும் காற்றை ஏற்றினேன். கையோடு பேட்டரி வயரைக் கழற்றிவிட்டேன். இப்போது கம்ப்யூட்டருக்கு உயிர் இல்லை. காலையில் இறங்கியிருந்தால் ஓட்டை. இறங்காவிட்டால் குற்றவாளி கம்ப்யூட்டர்.

மார்ச் 9, ஞாயிறு

இறங்கவில்லை!

வயரை மாட்டி ஸ்டார்ட் செய்ததும் உஸ்ஸென்று, என் கண்முன்னாலேயே, இடது பின்பக்கத்தை இறக்குகிறது திருட்டு வண்டி. சரியான உயரத்தில் நிற்கும்போதே அதிக உயரத்தில் நிற்பதாக நினைத்துக்கொள்கிறது. அப்படி நினைக்க வைப்பது யார்? சக்கரத்துக்குப் பக்கத்தில் உயரத்தை அளக்கிற சென்சார். அதற்கு விரல் நீளத்தில் ஒரு இரும்புக் கை. அடியில் படுத்து டார்ச் அடித்தேன். கை வளைந்திருக்கிறது. அதில் மரச் சிராய், கருப்பாக எண்ணெய்ப் பிசுக்கு. மோந்து பார்த்தேன், தார் வாடை. ரயில் தண்டவாளத்துக் கட்டை!

பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ரிட்டயர் ஆனவர் இந்த வீட்டில் ஒரே ஒருவர்தான்.

"அப்பா!"

வந்தார். முகத்திலேயே தெரிந்துவிட்டது.

"நீ கத்துவேன்னுதான் சொல்லல. வண்டி தானா இறங்குதே, அடி தட்டிடுமேன்னு படுக்கப் போறப்ப ஒரு கட்டைய முட்டுக் குடுப்பேன். நீ எந்திரிக்கிறதுக்குள்ள ஜாக்கி வச்சு எடுத்துடுவேன்."

"எப்பலேர்ந்து?"

"மொதல்ல இறங்குனப்பலேர்ந்து. கட்டை வைக்காம வண்டிய நிறுத்தினா எனக்குத் தூக்கம் வராதுடா."

ஆக, முதலில் நிஜமாகவே ஓட்டை இருந்தது. வண்டி இறங்கி அப்பாவின் கட்டைமேல் உட்கார்ந்தது. கட்டை சென்சாரின் கையை வளைத்தது. நான் ஓட்டையை அடைக்கும்போது கை ஏற்கெனவே போயிருக்கிறது.

கத்தினேன். நன்றாகவே கத்தினேன். அப்பா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "முடிச்சிட்டியா? நிமித்தலாமா, புதுசு போடணுமா?" என்றார்.

நிமிர்த்தினேன். உயரத்தை லேப்டாப்பில் புதிதாகப் பதிந்தேன். டேப்பின் ஒரு நுனியை அவர் பிடித்தார், மறுநுனியை நான். அந்தக் கட்டை இப்போது மாடியில் தண்ணீர் டிரம்முக்கு அடியில். என் உத்தரவு.

மார்ச் 10, திங்கள்

நிற்கிறது. நாலு பக்கமும். நேராக. பாய்க்கு போட்டோ அனுப்பினேன். "மாஷா அல்லாஹ்! அந்த ஸ்பிரிங்க வேற யார் தலையிலயாவது கட்டிடுறேன்" என்று வாய்ஸ் மெசேஜ்.

மார்ச் 14, வெள்ளி

அம்மா வாக்கரோடு வாசலுக்கு வந்தாள். பட்டனை அழுத்தினேன். அம்மா திரும்பி, பின்னால் சாய்ந்தாள். சீட் அங்கே இருந்தது. வலி இல்லை. அப்பா கதவைச் சாத்தினார். வண்டி எழுந்தது. காவிரிப் பாலத்தில் வேண்டுமென்றே மெதுவாக ஓட்டினேன். பின்னால் ஹாரன் அடித்தார்கள். அடிக்கட்டும்.

பள்ளி மைதானத்தில் பிள்ளைகள் சூழ்ந்துகொண்டார்கள். நிறுத்தி, பட்டனை அழுத்தினேன். வண்டி மெல்ல இறங்கியது. முன்வரிசைக் குட்டி ஒன்று கத்தியது: "டேய், டீச்சர் காரையே முட்டி போட வச்சிட்டாங்கடா!"

அம்மா இறங்கி நின்று, புடவையை நீவிவிட்டுச் சொன்னாள்: "ஆமா, ஹோம்வொர்க் பண்ணல. நீ பண்ணியா?"

மைதானம் முழுக்கச் சிரிப்பு. தவக்கால வெள்ளி என்பதால் பிரியாணி கிடையாது, எலுமிச்சை சாதம்தான். மூன்று தட்டு சாப்பிட்டேன்.

ஏப்ரல் 26, சனி

காரில் அப்பாவும் அம்மாவும் பூண்டி மாதா கோயிலுக்குப் போயிருக்கிறார்கள். போன வாரம் கொள்ளிடக் கரை. அதற்கு முந்தின வாரம் புடவைக் கடை. எனக்கு எப்போது வண்டி கிடைக்கும் என்று கேட்டேன். "உனக்கென்ன, கால் நல்லாத்தானே இருக்கு" என்றாள் அம்மா.

துவாக்குடி பஸ்ஸில் நின்றுகொண்டே எழுதுகிறேன்.