ஐஸ் கட்டிக்கு அசையாத கால்

ஜூலை 7, திங்கள்

காலையிலிருந்து தூறல். துவைத்துப் போட்ட யூனிஃபார்ம் காயவில்லை. ஃபேனுக்கு அடியில் தொங்கவிட்டால் கரண்ட் கட். பிசிக்ஸ் ரெக்கார்டில் இன்னும் இரண்டு படம் பாக்கி. போடவில்லை.

அதற்குப் பதில் ஓர் ஆராய்ச்சி. தலைப்பு: உள்ளங்காலில் ஐஸ் கட்டி வைத்தால் மனிதர்கள் எவ்வளவு உயரம் குதிப்பார்கள்.

சந்துரு (தம்பி, நாலாம் வகுப்பு): சோபாவிலிருந்து தரைக்கு. அழுகை இலவசம்.
அம்மா: அவள் குதிக்கவில்லை, கரண்டி குதித்தது. என் முதுகில்.
அப்பா: ஒன்றுமில்லை.

அப்பா ஸ்கூல் வேன் ஓட்டுகிறவர். சாயங்கால டிரிப் முடித்து வந்து, ஸ்டூலில் காலைத் தூக்கி வைத்துக் கன்னட நியூஸ் பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்டூலுக்குப் பின்னால் தவழ்ந்து போய், வலது கால் கட்டை விரலுக்குக் கீழே வைத்தேன். அசையவில்லை. பிடித்துக்கொண்டே இருந்தேன். என் விரல்தான் மரத்துப்போனது. ஐஸ் உருகிச் சொட்டியது. அப்பா தரையைப் பார்த்துவிட்டு, "யாரு இங்க தண்ணி கொட்டுனது?" என்று அம்மாவைக் கேட்டார்.

நடிப்பு. முகம் அசையாமல் பொய் சொல்வதில் அப்பா மாநில அளவு, நான் ஜில்லா அளவுதான். அப்பா 1, நான் 0. நாளை பார்த்துக்கொள்கிறேன்.

ஜூலை 8, செவ்வாய்

மழை இல்லை. யூனிஃபார்ம் அரை ஈரம். நாற்றம் முழுசு.

இரண்டாம் சுற்று. அப்பா பாயில் படுத்துப் பேப்பர் படிக்கிறார். ஆயுதம்: சீவின பென்சில். வலது உள்ளங்கால்: பதில் இல்லை. இடது: விரல் லேசாக ஆடியது. முழங்கால்: "ஏய் அம்முணி, சும்மாவே இருக்க மாட்டயா?" திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அப்படியானால் நடிப்பு இல்லை. முழங்காலுக்குத் தெரிந்தது பாதத்துக்குத் தெரியவில்லை.

அப்பாவின் காலை இவ்வளவு பக்கத்தில் பார்த்ததே இல்லை. கட்டை விரலுக்குக் கீழே கால் ஆணி (இனிமேல் க.ஆ.). அதன்மேல் மெடிக்கல் ஷாப்பில் விற்கும் வட்ட பிளாஸ்டர். சுற்றிலும் தோல் வெள்ளையாக ஊறிப்போய், தோசை மாவு மாதிரி. நகமெல்லாம் மஞ்சள், தடிமன். சுண்டு விரலில் ஒரு சுட்ட தழும்பு. எப்போது பட்டது என்று கேட்டால், "அதா? தெரியலயே."

க.ஆ. வலிக்கிறதா என்றும் கேட்டேன்.

"முந்தி வலிச்சுது. பிளாஸ்டர் ஒட்டுனேன், வலியே போயிருச்சு."

நல்லதாப் போச்சு என்றாள் அம்மா. வலி போய்விட்டது சரி. கூட எது போயிற்று என்று யாரும் பார்க்கவில்லை.

நான் மூன்றாவது படிக்கும்போதே அப்பாவுக்குச் சுகர். எங்கள் வீட்டில் நடப்பது சர்க்கார் ஆட்சி இல்லை, சர்க்கரை ஆட்சி. போனில் தேடினேன்: சர்க்கரை, கால் மரத்துப்போதல். படங்கள் வந்தன. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, கேட்காமலே பாத்திரம் தேய்த்துக் கொடுத்தேன். அம்மா பயந்துவிட்டாள்.

ஜூலை 9, புதன்

எழுதக் கை வரவில்லை. எழுதிவிடுகிறேன்.

இன்று பஸ்ஸுக்குப் போகாமல் வேனில் முன்சீட்டில் உட்கார்ந்தேன். மழை என்று சொன்னேன். மழை இல்லை. எல்லோரும் ரோட்டைப் பார்க்க, நான் பெடலைப் பார்த்தேன்.

பிரேக் போடும் முன்னால் ஒவ்வொரு தடவையும் கீழே குனிந்து காலைப் பார்க்கிறார். பார்த்துவிட்டுத்தான் மிதிக்கிறார். பழக்கம் என்று இத்தனை நாள் நினைத்திருக்கிறேன்.

அக்ரஹாரம் திருப்பத்தில் ஒரு ஸ்கூட்டர் குறுக்கே வந்தது. அப்பாவின் கால் போயிற்று, வேன் நிற்கவில்லை. உறுமியது. குனிந்தார். அப்புறம்தான் நின்றது. ஸ்கூட்டர்க்காரரின் முழங்கைக்கும் எங்கள் கண்ணாடிக்கும் நடுவில் ஒரு கை புகாது. கண்ணு காணல்வா, கண் தெரியவில்லையா என்று அவர் கன்னடத்தில் கத்தினார். அப்பா கும்பிட்டார்.

"பிரேக்கு லூசு. மெக்கானிக்கிட்ட உடோணும்" என்றார், யாரும் கேட்காமலே.

அவர் வலது செருப்பு சீட்டுக்கு அடியில் கிடந்தது. எங்கே கழன்றதோ. வெறுங்காலின் பாதி ஆக்சிலேட்டர் மேல். நான் பார்த்ததை அவரும் பார்த்தார். கண்ணால் குறி வைத்து, காலைச் செருப்புக்குள் நுழைத்தார். பின்னால் குழந்தைகள் 'அங்கிள், இன்னொந்து சல இன்னொந்து சல' என்று சிரிக்கிறார்கள். இன்னொரு தடவை அப்படிப் பிரேக் போட வேண்டுமாம். அந்தக் கூட்டத்தில் சந்துருவும்.

சாயங்காலம் நான் துணி எடுக்கும்போது அப்பா பக்கத்தில் வந்து நின்றார். "அம்முணி, அம்மாகிட்ட ஒண்ணுஞ் சொல்லிக்காத. தீபாவளி வரைக்கும் ஓட்டிப்போட்டு அப்புறம் பாத்துக்கலாம்."

தலையாட்டினேன். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கே தெரியாது.

ஜூலை 11, வெள்ளி

ஆஷாட வெள்ளி, கன்னடக்காரர்களின் ஆடி வெள்ளி. அம்மன் கோயில் மலைக்குப் போகிற கூட்டத்தில் பஸ் ஆமை. முதல் பீரியட் போச்சு.

பயாலஜி மேடத்திடம் ஃப்ரெண்டோட அப்பாவுக்கு என்று சொல்லிக் கேட்டேன். காலுக்கென்றே தனி டாக்டர் இருக்கிறார்களாம், பாத மருத்துவர். மற்ற டாக்டர்களுக்கு மேற்படிப்பு, இவர்களுக்குக் கீழ்ப்படிப்பு என்றேன். மேடம் சிரிக்கவில்லை. சுகர் இருந்து, கால் மரத்து, அதில் புண்ணும் இருந்தால் வலி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது, வலி வரவே வராது, இன்றைக்கே போகச் சொல் என்றார். எந்த ஃப்ரெண்ட் என்று கேட்டார். பெல் அடித்தது. நல்ல பெல்.

வீட்டுக்கு வந்தால் அம்மா ஒரு முடிவில் இருக்கிறாள். அடுத்த வெள்ளி குடும்பத்தோடு மலைக்கு, படியேறி, செருப்பில்லாமல். அப்பாவுக்குச் சுகர் குறையணும் என்று வேண்டுதல். அப்பா உடனே சரி என்றார். சிரித்த முகம். என் பக்கம் திரும்பவில்லை.

ஜூலை 12, சனி

அப்பாவுக்குச் சனிக்கிழமை குளித்ததும் ஒரு வேலை உண்டு. துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்து, ஷேவிங் பிளேடால் க.ஆ.வைச் சீவுவார். வாராவாரம். இன்று பக்கத்தில் நின்றேன்.

தேங்காய்ச் சில்லு மாதிரி தோல் வந்தது. கீழே கறுப்பு. இன்னொரு சீவல். ஈரம். அப்புறம் வாடை. சமையலறையிலிருந்து அம்மா, சாக்கடையில் எலி செத்துக் கிடக்கிறதா பார் என்றாள். அப்பா அவசரமாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவி, புதுப் பிளாஸ்டர் ஒட்டினார்.

மேடம் சொன்னதைச் சொன்னேன்.

"வலிக்காத புண்ணு என்ன புண்ணு, அம்முணி? காலுக்குன்னு தனி டாக்டரா? அப்ப அவரு கால் டாக்டரா, முழு டாக்டரா?"

நான் சொல்லியிருக்க வேண்டிய ஜோக். என்னிடமிருந்து தட்டிக்கொண்டு போய்விட்டார். சிரிப்பு வரவில்லை.

நாளை ஞாயிறு, வேன் இல்லை. நாளை மறுநாள் உண்டு.

ஜூலை 14, திங்கள்

வேன் சாவியை நான் எடுத்தேன். ஒளித்த இடம் என் ஷூ, உள்ளங்காலுக்கு அடியில். ஒவ்வொரு அடிக்கும் குத்தியது. எனக்குக் குத்துகிறது.

அப்பா முதலில் சிரித்தார். என் வேலை என்று தெரியும். டிவி மேல், அரிசி டப்பா, என் பை என்று தேடினார். அப்புறம் போன் வர ஆரம்பித்தது. அண்ணா எல்லி இதீரா, எங்கே இருக்கிறீர்கள். வந்தாச்சு வந்தாச்சு என்கிறார், வீட்டுக்குள்ளேயே சுற்றிக்கொண்டு. அம்மா டிபன் டப்பாவோடு நின்று திட்டினாள். சந்துரு பை மாட்டிக்கொண்டு வாசலில்.

ஒரு விளையாட்டு, ஜெயித்தால் சாவி என்றேன். கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். நான் எந்த விரலைத் தொடுகிறேன் என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

அம்மா எதிரில் மறுக்க முடியாது. உட்கார்ந்தார். கண்ணை மூடினார்.

சுண்டு விரலைப் பென்சிலால் தொட்டேன். "கட்டை விரல்" என்றார். அடுத்து நடு விரல். "சுண்டு விரல்" என்றார். அப்புறம் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையையும் மேலே தூக்கிவிட்டேன்.

"இப்ப நடு விரலு" என்றார்.

கொஞ்சம் விட்டு, "இப்பப் பக்கத்து விரலு." சிரித்துக்கொண்டே, நிதானமாக, இடைவெளி பார்த்து. என் வித்தையெல்லாம் எங்கேயிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறது. "இப்ப மறுக்கா கட்டை விரலு. போதுமா? சாவியக் குடு கண்ணு."

அம்மா என் கைகளைப் பார்த்தாள். அவர் காலைப் பார்த்தாள். டிபன் டப்பாவைத் தரையில் வைத்தாள்.

"ஏனுங்க. அவ தொடவே இல்லீங்க."

கண்ணைத் திறந்தார். போன் அடித்துக்கொண்டே இருந்தது.

எல்லாவற்றையும் சொன்னேன். செருப்பு, ஸ்கூட்டர், பிளேடு. அப்பா தடுக்கவில்லை. அம்மா கீழே உட்கார்ந்து அவர் காலை மடியில் எடுத்து வைத்துப் பிளாஸ்டரைப் பிரித்தாள். முந்தானையால் மூக்கைப் பொத்தினாள். நான் திட்டுக்குத் தயாராக இருந்தேன். அவள் கேட்டது ஒன்றுதான், அதுவும் அப்பாவை: "சந்துரு அந்த வேன்லதான போறான்?"

ஷூவைக் கழற்றிச் சாவியைக் கொடுத்தேன். அம்மா வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். அப்பா, வேன் ஸ்டார்ட் ஆகவில்லை என்று பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார்.

மேடத்துக்குப் போன் போட்டு இடம் கேட்டு, ஆட்டோவில் கால் கிளினிக்.

டாக்டர் ஒரு லேடி. கன்னடம். அப்பாவின் முகத்தைப் பார்க்கும் முன்னால் அவர் செருப்பைத்தான் பார்த்தார். உள்ளே கை விட்டுத் தடவினார், திருப்பித் தேய்மானம் பார்த்தார். பிறகு ஒரு நைலான் இழையால் பாதத்தில் அங்கங்கே தொட்டு, தெரிகிறதா என்று கேட்டார். அப்பாவின் கண் மூடியிருந்தது. இந்தத் தடவை அவர் ஏமாற்றவில்லை. தெரியல. தெரியல. தெரியல. எண்ணுவதை விட்டுவிட்டேன்.

க.ஆ.வைச் செதுக்கி எடுத்தார். உள்ளே இருந்த பள்ளம் மேலே தெரிந்ததைவிடப் பெரிது. மெல்லிய கம்பியை விட்டு ஆழம் பார்த்தார். அப்பா சீலிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார், யார் காலோ என்பது போல. எனக்குத்தான் பல் கூசியது.

அந்த பிளாஸ்டரில் ஆசிட் இருக்கிறதாம். உணர்ச்சி இருக்கிறவன் எரிந்தால் பிடுங்கிவிடுவான், மரத்த காலில் அது பாட்டுக்குத் தின்றுகொண்டே போகும் என்றார். பிளேடு கூடாது. வெறுங்கால் கூடாது, வீட்டுக்குள்ளும். அம்மா பூஜை அறையை நினைத்து வாயைத் திறந்து, மூடிக்கொண்டாள். தினமும் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்தாவது பார்க்க வேண்டும். நிறம் மாறினால், வீங்கினால், சூடானால், கீறல் பட்டால் அன்றைக்கே வர வேண்டும்.

போனது போனோம் என்று எங்கள் கால்களையும் காட்டினோம். அம்மாவின் பித்தவெடிப்புக்கு க்ரீம் போதும், ரத்தம் வந்தால் வரவும். என் கட்டை விரல் நகத்தை மூலை வளைத்து வெட்டுகிறேனாம், நேராக வெட்டவும், சீழ் வைத்தால் வரவும். சந்துருவின் ஷூ கடிக்கு டாக்டர் வேண்டாம், பெரிய ஷூ வேண்டும். எல்லோர் காலையும் பார்த்தார், யார் காலையும் வாரவில்லை.

கடைசியில் என்ன வேலை என்று கேட்டார். அப்பா குனிந்து செருப்பைத் தேடினார். ஸ்கூல் வேன் ஓட்டுகிறார் என்று அம்மா சொன்னாள். டாக்டர் பேனாவை மேஜையில் வைத்துவிட்டார். பெடலைத் தொடக் கூடாது என்றார்.

எக்ஸ்ரே நாளை. எலும்புக்குப் போயிருந்தால் என்று ஆரம்பித்து நிறுத்தினார். விரலை எடுத்துவிடுவீர்களா என்று அப்பாவே கேட்டு முடித்தார். பார்க்கலாம் என்றார் டாக்டர்.

ஜூலை 15, செவ்வாய்

எக்ஸ்ரே ஆயிற்று. சீழ் டெஸ்ட்டும் சேர்த்து நாளைதான் சொல்வார்கள். குரூப்பில் அப்பா: வண்டி மெக்கானிக்கிடம் இருக்கிறது.

சந்துரு என் காதில், அப்பாவுக்கு ஒரு விரல் குறைந்தால் செருப்பு சைஸ் மாறுமா என்றான். அடித்துவிட்டேன். பிறகு என் சாக்லேட்டைக் கொடுத்தேன்.

ஜூலை 16, புதன்

எலும்பு தப்பித்தது. இப்போதைக்கு, என்று டாக்டர் இரண்டு தடவை சொன்னார். விரல் இருக்கிறது. மாத்திரை, ஒன்று விட்டு ஒரு நாள் டிரஸ்ஸிங், பாரம் படாத மாதிரி பெரிய பூட்ஸ், பல வாரம். வெள்ளிக்கிழமை மலைக்கு அம்மா மட்டும். பஸ்ஸில்.

புண் ஆறினதும் ஓட்டலாமா என்று அப்பா கேட்டார். புண் ஆறிவிடும், போன உணர்ச்சி பெரும்பாலும் திரும்பாது என்றார் டாக்டர். திரும்பி வரும்போது என்னிடம் ஒரு ஜோக்கும் இல்லை.

குரூப்பில் கேள்வி மேல் கேள்வி. வண்டி எப்போது ரெடி, அண்ணா? ஒருவர், மெக்கானிக் நம்பர் கொடுங்கள், நான் பேசுகிறேன் என்கிறார்.

அப்பா வாசலில் வேன் பக்கத்தில் போனை வாய்க்கிட்ட வைத்து வாய்ஸ் மெசேஜ் பேசினார். அழித்தார். மறுபடி பேசினார். அழித்தார். அம்மாவும் நானும் ஜன்னலுக்குப் பின்னால், ஆளுக்கு ஒரு கம்பி.

மூன்றாவதைப் பேசி அனுப்பிவிட்டார். கன்னடத்தில் சொன்னது, என் தமிழில்:

"வண்டிக்கு ஒண்ணுமில்லீங்க. எனக்குத்தான். வலது காலு மரத்துப்போச்சு. பிரேக்க மிதிச்சனா இல்லயான்னே தெரியல. போன வாரம் அதோடதான் உங்க கொழந்தைகள வெச்சு ஓட்டுனேன். இனி நான் ஓட்டல."

போனைப் பார்த்துக்கொண்டே நின்றார். டிக் நீலமானது.

போன் அடித்தது. எடுத்தார்.