குப்புறப் படுத்த இருபத்தைந்து நிமிடம்

மார்ச் 3, திங்கள்

கடையில் ஒரு மூக்குக்கண்ணாடிக்கு லென்ஸ் மாட்டிக்கொண்டிருந்தேன். திருகாணி கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தவள் நிமிர முடியாமல் மேசைக் காலைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். காத்திருந்த வாடிக்கையாளர் நான் இன்னும் தேடுகிறேன் என்று நினைத்து, தானும் தேட ஆரம்பித்துவிட்டார்.

இரண்டு வருடமாகத் தினமும் அப்பாவைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கும் நாற்காலியிலிருந்து கட்டிலுக்கும் தூக்குகிறேன். பக்கவாதத்தில் அவருக்கு வலப்பக்கம் போய்விட்டது. பேச்சு மட்டும் தெளிவு. என் முதுகு இத்தனை நாள் தாக்குப்பிடித்ததே பெரிசு.

முதலாளியம்மா ஒரு அக்குபங்சர் பெண்ணின் முகவரி கொடுத்தாள். நாளை மதியம். ஊசி என்றாலே எனக்கு உதறல்.

மார்ச் 4, செவ்வாய்

போய்விட்டு வந்தேன். நான் கடைக்குப் போகும்போது அப்பாவைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டு ரிட்டயர்டு டீச்சர் இன்னும் இரண்டு மணி நேரம் கூட உட்கார்ந்திருந்தாள்.

பெரிய ஊசியும் மருந்து நெடியுமாக இருக்கும் என்று நினைத்துப் போனேன். ஒரு சாதாரண அறை, உயரமான மேசை, முகம் வைக்க ஓட்டை போட்ட தலைப்பக்கம். ஊசிக்காரம்மா (இனி இதுதான் அவள் பெயர்) முதலில் ஒரு படிவம் கொடுத்தாள். என்ன சாப்பிட்டேன், எப்படித் தூங்குகிறேன், அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது – அதில் அண்ணன் நம்பரை எழுதினேன். அப்புறம் நாக்கை நீட்டச் சொன்னாள். முதுகு வலிக்கு நாக்கு எதுக்கு? நீட்டினேன். இரண்டு கையிலும் நாடி பார்த்தாள்.

ஊசி முடியை விடக் கொஞ்சம் தடிமன், அவ்வளவுதான். சின்னக் குழாய்க்குள் வைத்து விரலால் ஒரு தட்டு. எறும்பு கடித்த மாதிரி. பிறகு உள்ளே ஒரு கனம், யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துகிற மாதிரி. கெண்டைக்காலில் போட்டபோது சதை தானாகத் துள்ளியது, பயந்துவிட்டேன். "துள்ளினா நல்லதுதான்," என்றாள். இருபத்தைந்து நிமிடம் அசையக் கூடாது. தூங்கியே போனேன்.

கிளம்பும்போது சொன்னாள்: "நிறைய தண்ணி குடிங்க. இன்னைக்கு மட்டும் கனமா எதையும் தூக்காதீங்க."

அண்ணனைக் கூப்பிட்டேன். சாயங்காலம் ஒரே ஒரு தடவை வந்து அப்பாவைக் கட்டிலில் படுக்க வைக்க முடியுமா?

"என் முதுகைப் பத்தித் தெரியாதா உனக்கு? நான் குனிஞ்சு செருப்பு மாட்டவே உங்க அண்ணி வரணும்."

கேட்டிருக்கக் கூடாது. அவனே பாவம், அந்த முதுகோடு அப்பாவைத் தூக்க முடியாது என்றுதானே அவர் என்னோடு இருக்கிறார். நானே தூக்கினேன்.

மார்ச் 6, வியாழன்

நேற்று முழுக்க அடித்துப்போட்ட அசதி. இன்று கொஞ்சம் தேவலை.

மார்ச் 11, செவ்வாய்

எழுதவா வேண்டாமா என்று இரண்டு தரம் நோட்டை மூடினேன்.

இரண்டாவது தடவை. குப்புறப் படுத்திருக்கிறேன், முதுகில் ஒன்பது ஊசி. ஊசிக்காரம்மா பேச்சுவாக்கில் சொன்னாள்: "நீங்க எழுதின நம்பர் ஏற்கெனவே என்கிட்ட இருக்கு. அவர் உங்க அண்ணனா? இதே முதுகு வலிதானே அவருக்கும். ரெண்டு வருஷம் ஆச்சு. நாலாவது தடவையே ஜம்முனு ஆயிட்டாரு. போன மாசம் மலையேறப் போனதா போட்டோ அனுப்பினாரு."

அவளுக்கே ஏதோ தட்டியிருக்க வேண்டும். "நான் சொல்லியிருக்கக் கூடாது," என்றாள். பிறகு கதவு சாத்தும் சத்தம்.

எழுந்து ஓட முடியாது. திரும்பிப் படுக்க முடியாது. தேம்பினால் ஊசி இழுக்கிறது. ஓட்டை வழியாகத் தரை மட்டும் தெரிந்தது. கண்ணீர் கன்னத்தைத் தொடாமலே நேராகத் தரையில் விழுந்தது. மலையா – மலையாடா ஏறினே? நான் இங்க ஒவ்வொரு நாளும் ஏறினது என்னடா?

மார்ச் 12, புதன்

அண்ணனிடம் கேட்டேன். இல்லை என்று சொல்வான் என நினைத்தேன்.

"யார் சொன்னா உனக்கு?" – இதுதான் முதல் கேள்வி.

அப்புறம் வேலை, பிள்ளைகளின் படிப்பு, அண்ணியின் சுபாவம் என்று என்னென்னவோ அடுக்கினான். கடைசியில், "அப்பாவுக்கே தெரியும். அவரைக் கேளு," என்றான்.

மார்ச் 13, வியாழன்

அப்பாவுக்குச் சவரம் செய்துகொண்டிருந்தேன். பாதிக் கன்னத்தில் நுரை.

"அண்ணனுக்கு முதுகு சரியானது உங்களுக்குத் தெரியுமா?"

கண்ணை மூடிக்கொண்டார். "தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"மொதல்லேர்ந்து." கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "அவன் வீட்டுக்குப் போனா ஒரு ரூம்ல போட்டுக் கதவைச் சாத்திடுவாங்கம்மா. நீன்னா..."

"நான்னா?"

"நீ ஒண்ணும் சொல்ல மாட்டே."

மீதிக் கன்னத்தையும் மழித்தேன்.

மார்ச் 14, வெள்ளி

அண்ணன் ஏமாற்றியதை ஜீரணித்துவிடலாம் போலிருக்கிறது. தினமும் காலையில் என் தோளில் சாய்ந்து, "மெதுவா, உனக்கு வலிக்கப் போகுது," என்று சொன்ன மனிதர்...

மார்ச் 16, ஞாயிறு

அண்ணன் வீட்டுக்கு நேரில் போய்ச் சொன்னேன். ஏப்ரலிலிருந்து ஒரு மாதம் அங்கே, ஒரு மாதம் இங்கே. அண்ணி, "திடீர்னு சொன்னா எப்படி?" என்றாள். "ரெண்டு வருஷம் டைம் இருந்துதே அண்ணி," என்றேன். அவள் அண்ணனைப் பார்த்தாள். அவன் டிவியைப் பார்த்தான்.

மார்ச் 18, செவ்வாய்

மூன்றாவது தடவை. ஊசிக்காரம்மாவும் நானும் தேவைக்கு மேல் பேசவில்லை. அவள் கை மட்டும் வழக்கத்தைவிட மெதுவாக இருந்தது.

ஏப்ரல் 1, செவ்வாய்

அண்ணன் வண்டி கொண்டு வந்தான். அப்பாவை அவனே தூக்கி ஏற்றினான். அவன் முதுகு பிடிக்கவில்லை.

அப்பா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. நானும் வாசல்வரை போகவில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

காலையில் அண்ணன் போன். அப்பாவை நாற்காலியில் உட்கார வைத்தால் ஒரு பக்கம் சரிகிறாராம். வலது கையைப் பிடித்து இழுக்காதே, அக்குளுக்குக் கீழே கை கொடு, உன் முழங்காலை அவர் முழங்காலுக்கு முட்டுக்கொடு என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். இரண்டாம் முறை சரியாக வந்தது. அவனுக்கு மூச்சு வாங்கியது கேட்டது.

பிறகு போன் கைமாறியது. அப்பா.

"முதுகு எப்படிம்மா இருக்கு?"

பரவாயில்லைப்பா என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"வலிக்குதுப்பா," என்றேன். "ரெண்டு வருஷமா வலிக்குது."

நான் போனை வைக்கவில்லை. அவரும் வைக்கவில்லை.