அத்தையோட மௌன விரதம்

செவ்வாய்க்கிழமை

என் தங்க மருமகளுக்கு அத்தை எழுதறது.

நல்லா இருக்கேன்னு எழுதினா சாமி கண்ணைக் குத்தும். போன மாசம் நீ ரூட் கேனால் பண்ணி மூடின கடைவாய்ப்பல் இருக்கே, அந்தப் பக்கம் கன்னம் பன்னு மாதிரி வீங்கிக் கிடக்கு. வாயத் திறக்க முடியல, அதான் எழுதி பஸ் டிரைவர்கிட்ட குடுத்து விடறேன். கோயில்ல எல்லாரும், "என்னக்கா, பேச்சையே காணோம்?"னாங்க. மௌன விரதம்னு சைகை காட்டிட்டேன். நம்பிட்டாங்க. உன் மாமா, "இந்த விரதத்தை வருஷம் பூரா இருக்கலாமே"ங்கறார்.

பல்லுன்னு சொன்னா உன் பேர் கெடும். இப்பதானே கிளினிக்குக்கு போர்டு மாட்டியிருக்கே. காய்ச்சல் வேற அடிக்குது. வலிக்கு ஒரு மாத்திரை பேர் எழுதியனுப்பு, போதும்.

அத்தை

புதன்கிழமை

அன்பு அத்தைக்கு,

மாத்திரை பேர் எழுத மாட்டேன். இதைப் படிச்சதும் மாமாவைக் கூட்டிக்கிட்டு உங்க ஊர்ல இருக்கற என் சீனியர் டாக்டர்கிட்ட போங்க. வீக்கம் கண்ணுகிட்ட ஏறினாலோ, முழுங்க முடியலன்னாலோ, நேரா பெரிய ஆஸ்பத்திரி.

உங்க எக்ஸ்ரேயை மறுபடி பாத்தேன். ஒரு வேர்க்குழாய் என் கண்ணுலயே படல. அதைச் சுத்தம் பண்ணாம மேல கேப் போட்டு மூடிட்டேன். நீங்க என் பேரைக் காப்பாத்தறீங்க, நான் உங்க வாயில சீழ் கட்ட விட்டிருக்கேன். கிளினிக்கைப் பூட்டிட்டேன். இனிமே யார் வாயிலயும் கை வைக்க மாட்டேன்.

உங்க மருமக

சனிக்கிழமை

அடி என் பைத்தியக்காரி,

போனோம். உன் சீனியர் லேசாக் கீறி சீழை எடுத்தார், மாத்திரை குடுத்தார். காய்ச்சல் விட்டு, வீக்கம் வடிஞ்சு, நேத்து சோத்தை மென்னு தின்னேன். கேப்பைக் கழட்டி அந்தக் குழாயையும் சுத்தம் பண்ணினா பல்லு தங்குமாம். "நானே பண்ணிடறேம்மா"ன்னார்.

"என் மருமக பண்ணட்டும், நீங்க பக்கத்துல நில்லுங்க"ன்னேன்.

"பயமா இல்லையா?"

"பயந்தான். ஆனா விட்டுப்போன குழாயை அவ இனி சாகற வரைக்கும் மறக்க மாட்டா. அப்படிப்பட்ட கையை நான் வேற எங்க போய்த் தேட?"

மனுஷர் சிரிச்சிட்டு, வர்றேன்னுட்டார். சின்னதைப் பெருசாக் காட்டற கண்ணாடி ஒண்ணு வச்சிருக்காராம், அதையும் எடுத்துட்டு வர்றார்.

நானும் வலிச்ச அன்னிக்கே வாயத் திறந்திருக்கணும். இனிமே சாமிகிட்ட சொல்றதுக்கு முன்னாடி உன்கிட்ட சொல்றேன். அவர் கோச்சுக்க மாட்டார்.

திங்கக்கிழமை காலையில வர்றோம். பூட்டியிருந்தா வாசப்படியில உக்காந்துக்குவேன். பல்லைப் பிடிச்சுக்கிட்டு எவன் வந்தாலும், "உக்காருப்பா, டாக்டரம்மா இப்ப வந்துருவா"ன்னு பக்கத்துல உக்கார வச்சுக்குவேன்.

உன் அத்தை