சீசரின் முன்னங்கால்

1960 ஜனவரி 12, புத்தூர்
எங்கள் நாய் சீசர் இடது முன்னங்காலை ஊன்றவில்லை. மூட்டுக்கு மேலே வீக்கம். மதிலேறிக் குதித்திருக்கும், தடியன். "எலும்பு முறிஞ்சவங்க எங்கெங்கிருந்தோ இந்த ஊருக்கு வராங்க. இங்கேயே இருந்துகினு யோசிக்கிறீங்களே!" என்கிறாள் என் மனைவி கிருபாவதி.

ஜனவரி 13
எலும்புக் கட்டு வீராசாமி வந்தார். கையால் தடவிப் பார்த்து, "ஒடஞ்சா மாதிரி தெரியல சார். சூடா கீது" என்றார். நான்தான் விடவில்லை. பச்சிலை, முட்டை வெண்கரு, மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டினார்.

ஜனவரி 29
மூன்றாவது கட்டு. சோற்றைத் தொடவில்லை. கட்டைக் கடித்துப் பிய்த்தது. அடித்துவிட்டேன்.

பிப்ரவரி 6
வீராசாமி இனிக் கட்ட மாட்டாராம். "முறிவுன்னா இந்நேரம் கூடிகினு வரணும். இது வளருது சார். சித்தூர் மாட்டாசுபத்திரிக்கு கொண்டு போங்க." கோபமாக வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

பிப்ரவரி 9
ரயிலில் நாய்க்கூண்டில் வைத்து சித்தூர் கொண்டுபோனேன். டாக்டர் நாகேந்திரன் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். எலும்பில் புற்றுநோய்.

நாய்க்குமா? நாய், பூனை, எல்லாவற்றுக்கும் வருமாம். என் மகள் ஜெயசீலி அதைக் கட்டிக்கொண்டே திரிகிறாளே, ஒட்டிக்கொள்ளுமா? ஒட்டாது. நான் கட்டு போட்டதால் வந்ததா? இல்லை, வலிதான் கூடியிருக்கும். பிறகு எதனால் வந்தது? "தெலியது சார்" என்றார். படித்த டாக்டருக்கே தெரியாதாம்!

காலைத் தோளோடு எடுத்தால் வலி போகும். நோய் நுரையீரலுக்கு ஏற்கெனவே போயிருக்கலாம், அதனால் சில மாதம்தான். இல்லாவிட்டால் ஊசி போட்டுத் தூங்க வைத்துவிடலாம். யோசித்து வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்.

பிப்ரவரி 10
ஒன்றும் புரியவில்லை.

பிப்ரவரி 11
இருபது வருஷமாகக் கணக்கு வாத்தியார். விடையில்லாத கணக்கு என்று ஒன்றை நான் போட்டதில்லை. மூன்று காலோடு ஒரு நாயை வைத்திருப்பது பாவமா? ஊசி பாவமா? ஜெபிக்க உட்கார்ந்தேன் — எதைக் கேட்பது?

கிருபாவதி சொன்னாள்: "அந்தக் காலு உங்களுக்குத்தாங்க வேணும். அதுக்கு வேணாம்."

பிப்ரவரி 16
காலை எடுத்தாயிற்று. வீராசாமி கூடவே வந்து சீசரின் தலையைப் பிடித்துக்கொண்டார். "வெட்டற எடத்துக்கு நான் வந்ததே இல்ல சார்" என்றார். மயக்கம் தெளிந்ததும் சீசர் என் கையை நக்கியது. அடித்த கையை. அழுதேன்.

மார்ச் 8
மூன்று காலில் ஓட்டம். எதிர்வீட்டுக் கமலம்மாவின் ஆட்டை விரட்டி, நான் வசவு வாங்கினேன். சந்தோஷமாக வாங்கினேன்.

மார்ச் 30
இருமுகிறது. தூசியாக இருக்கும்.

ஏப்ரல் 1
திருத்தணி இன்றுமுதல் சென்னை ராஜ்யம், நாங்கள் ஆந்திரத்திலேயே. பள்ளிக்கூடம் முழுக்க இதே பேச்சு. எனக்குக் காதில் ஏறவில்லை. தூசி இல்லை அது. இருமல் வந்தால், மூச்சு வாங்கினால் தள்ளிப்போடாதீர்கள் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். சாயங்காலம் மூச்சு வாங்கியது.

இந்த முறை நான் யாரையும் கேட்கவில்லை. நாளைக்கு லீவு எழுதித் தலைமையாசிரியர் வீட்டில் கொடுத்துவிட்டேன். முதல் வண்டியில் சித்தூர், அந்த ஊசிக்கு.

ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நோன்பு நாட்களில் எங்கள் வீட்டில் கறி எடுப்பதில்லை. வீட்டுக்கு வந்தால் அடுப்பில் கறி வெந்துகொண்டிருந்தது. கிருபாவதி அதைச் சோற்றில் பிசைந்து, தட்டை என்னிடம் நீட்டினாள். ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சீசர் என் கையிலிருந்தே தின்றது.