உன் அப்பா பெயரைக் கேட்டவர்கள்

நேற்று என் மகளின் டிபன் கடைக்கு ஒரு வாலிபர் வந்தார். கழுத்தில் கார்டு, கையில் லேப்டாப். போனில் யாராவது நல்ல டிபன் கடை தேடினால் எங்கள் கடை பெயர்தான் முதலில் வருமாம், அதற்கு அவர் வழி செய்வாராம். "பெரிய வித்தை எல்லாம் இல்லக்கா. நெறைய பேர் உங்க பேரைத் தேடணும். தேடத் தேட மேல வரும். ஆள் இல்லன்னா நாங்களே ஆள் வெச்சுத் தேடுவோம்" என்றார். மாவு கரைத்துக்கொண்டிருந்த நான் கையைக் கழுவாமலே உட்கார்ந்துவிட்டேன். கம்ப்யூட்டரைக் கண்ணால் பார்க்காத நீ இதைத்தானே அன்றைக்குச் சொன்னாய்!

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் நீயும் நானும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. விசாரணைப் பிரிவு. ஊரில் யாருக்கு யார் நம்பர் வேண்டுமானாலும் நம்மிடம்தான் கேட்டாக வேண்டும். எதிரே பலகையில் விளக்கு எரியும், கம்பியைச் செருகுவோம், நம்பரைச் சொல்வோம், உருவுவோம். டைரக்டரியைப் புரட்டிக்கொண்டிருந்தால் வேலை ஓடாது. நாக்கில் இருப்பதுதான் முதலில் வரும். இது தெரிந்த கடைக்காரர்கள் நம்மை விடுவார்களா? டாக்சி கம்பெனியிலிருந்து அல்வா வரும், துணிக்கடையிலிருந்து பொங்கலுக்கு ரவிக்கைத் துணி வரும். பெரிய மார்க்கெட் காபித்தூள் கடைக்காரர் டைரக்டரியில் முதலில் வரவேண்டும் என்று கடை பெயரையே 'ஏ ஒன்' என்று மாற்றினார். அடுத்த டைரக்டரியில் இன்னொருவர் 'ஏ ஏ ஒன்' என்று வந்து அவர் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டார். நாம் அல்வாவைத் தின்றுகொண்டே சிரித்தோம்.

உனக்கு அல்வாவில் மனசில்லை. உன் தம்பி வீட்டைவிட்டுப் போயிருந்தான். மில் வேலையை விட்டுவிட்டான் என்று அப்பா எல்லோர் எதிரிலும் செருப்பால் அடித்ததில் போனவன். "லெட்டர் போட மாட்டான்டி, ரோஷக்காரன். ஆனா அம்மா குரலைக் கேக்காம அவனால இருக்க முடியாது. எங்கயாவது ஒரு போனைப் புடிச்சி, இங்கதான் நம்பர் கேப்பான்" என்பாய். உப்பளம் பகுதியில் இருந்த உங்கள் வீட்டுக்குப் போன் கிடையாது. சுவரை ஒட்டிய மளிகைக்கடைப் போன்தான். கடைக்காரர் கூப்பிட்டால் உன் அம்மா வந்து பேசுவார். அந்த நம்பர் உன் அப்பா பெயரில் எந்த டைரக்டரியிலும் வராது. ஷிப்டில் இருக்கிற யாராவது ஒருத்தி 'அப்படி யாரும் இல்லையே' என்று சொல்லிவிட்டால் அவன் திரும்பக் கேட்கவே மாட்டான். உன் பயமெல்லாம் அதுதான்.

அதனால்தான் அந்த யோசனை. உன் சித்தப்பா, மில் ஆபீஸ் சிநேகிதிகள், எதிர்வீட்டு வாத்தியார் எல்லோரையும் கெஞ்சி, போன் கிடைக்கும்போதெல்லாம் விசாரணையைக் கூப்பிட்டு உன் அப்பா பெயரைக் கேட்கச் சொன்னாய். "கேக்கக் கேக்கத்தான்டி எல்லார் நாக்குலயும் நிக்கும்." நின்றது. புதிதாகச் சேர்ந்த பெண்கூடத் தூக்கத்தில் எழுப்பினாலும் அந்த நம்பரைச் சொல்வாள். பெயர் பாதி வரும்போதே நாம் நம்பரை முடித்திருப்போம்.

பிறகு உனக்கே ஒரு சந்தேகம் வந்தது. இத்தனை பேர் கேட்டால் அவன் கேட்டது எப்படித் தெரியும்? போதும் என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டாய்.

கேள்வி நிற்கவில்லை.

நம் ஊரில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கடைகள் எல்லாம் மூடிக்கிடக்கும். தெருவில் நாய்கூட எழுந்து நடக்காது. பலகையில் ஒரு விளக்கும் எரியாத அந்த நேரத்தில்தான் அவை வந்தன. ஆண் குரல், பெண் குரல், வயசான குரல். உன் அப்பா பெயரைச் சொல்லி நம்பர் கேட்கும். "யார் பேசறது?" என்று நான் கேட்டால், "தெரிஞ்சவங்கதான்" என்று வரும். நீ சித்தப்பாவிடம் சண்டைக்கே போனாய். "சத்தியமா நாங்க யாரும் கூப்புடல கண்ணு" என்றார் அவர். பூட்டின கடைக்குள் மணி அடிக்கும். கடைக்காரர் கொடுத்துவைத்திருந்த சாவியால் உன் அம்மா பின்கதவைத் திறந்துகொண்டு போய் எடுப்பார். யாரும் பேச மாட்டார்கள். உன் அம்மா அதற்காக ரிசீவரை வைத்துவிட மாட்டார். "சாப்ட்டியாப்பா? அப்பாவுக்குக் கோவம்லாம் போயிடுச்சி, வந்துடு" என்பார். ஒவ்வொரு தடவையும் அதே பேச்சு. சாயங்காலம் அவர் இதைச் சொல்லும்போது நான் பேச்சை மாற்றப் பார்ப்பேன். உனக்கு மட்டும் முகம் மலரும்.

அந்த மதியம் நான் உன் பக்கத்தில் இருந்தேன். என் எலுமிச்சைச் சாதத்தில் பங்கு வாங்கி வாயில் போட்டிருந்தாய். விளக்கு எரிந்தது. செருகினாய். அப்பா பெயர்தான். மென்றுகொண்டே நம்பரைச் சொன்னாய், உருவினாய். உருவின கம்பி உன் விரலில் தொங்கியது.

"என்னடி?"

"நம்பரை வாங்கிட்டு, 'நல்லா இருக்கியா'ன்னான்டி. என்னை. அதுக்குள்ள இழுத்துட்டேன்."

மறுபடி செருகி ஹலோ ஹலோ என்று கத்தினாய். வெறும் இரைச்சல். கடைக்கு அடித்தாய், எங்கேஜ்டு. ஹெட்செட்டைக் கழற்றாமலே எழுந்து, அது இழுக்க, அதையும் பிடுங்கிப் போட்டுவிட்டு ஓடினாய். சூப்பர்வைசரிடம் திட்டு வாங்கிக்கொண்டு நானும் பின்னால் ஓடிவந்தேன். உன் அம்மா இருட்டுக் கடையில் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்திருந்தார். ரிசீவரை வைத்துவிட்டிருந்தார்.

"அவனாம்மா?"

"பேசலடி. நான்தான் பேசுனேன்."

"என்ன சொன்ன?"

"எப்பவும் சொல்றதுதான்."

அவருக்கும் தெரியவில்லை. அத்தனை மௌனங்களோடு பேசிப் பழகியவருக்கு இது எந்த மௌனம் என்று எப்படித் தெரியும்? உன் கைக்கும் அப்படித்தான். எல்லோருக்கும் சொல்லிச் சொல்லிப் பழகிய வேகத்தில் அவனுக்கும் சொல்லி அனுப்பிவிட்டது. உன்மேல் தப்பே இல்லை என்று எத்தனை விதமாகச் சொல்லியிருப்பேன். "கை முந்திக்கிச்சிடி" என்பாய். வேறு எதுவும் சொல்ல மாட்டாய்.

எனக்கு இன்றும் மயிர்க்கூச்செறிவது வேறு ஒன்றை நினைத்தால்தான். அந்த மதியத்தோடு எல்லாக் கேள்விகளும் நின்றுபோயின. ஆண் குரல், பெண் குரல், வயசான குரல் ஒன்றுகூட அதற்குப் பிறகு உன் அப்பா பெயரைக் கேட்கவில்லை. கேட்கவேண்டியவன் கேட்டுவிட்டான் என்று எல்லோருக்கும் யாரோ சொல்லி அனுப்பியது போல. பழைய பலகையைக் கழற்றிப் புது எக்ஸ்சேஞ்ச் வந்தபோது, ஆட்கள் கம்பிகளை மூட்டை கட்டியதை வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாய். உன் அம்மா போனார். உன் அப்பாவும் போனார். தம்பி வரவில்லை. ஆஸ்பத்திரியில் கடைசியாக என் கையைப் பிடித்திருந்தபோதும் உன் விரல்கள் எதையோ செருகிப் பார்த்துக்கொண்டிருந்தன.

நான் இப்போது எந்தப் போனையும் முதலில் வைப்பதில்லை. மதிய நேரத்தில் சில சமயம் பேச்சில்லாத போன் வருகிறது. மகள், "ஏதாவது மோசடியா இருக்கும், கட் பண்ணும்மா" என்று கத்துகிறாள். நான் உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறேன். அந்தப் பக்கம் மூச்சு கேட்கிறதா என்று சரியாகத் தெரிவதில்லை. கேட்கிற மாதிரிதான் இருக்கிறது.

"உங்கக்கா வேணும்னு வெக்கலப்பா" என்கிறேன். "நீ கேட்டது அவ காதுல விழுந்திச்சி. கைதான் முந்திக்கிச்சி."