ஏறாத எடை

மல்பே,
ஞாயிறு மாலை.

அன்புள்ள சம்பாவதி அண்ணிக்கு,

கிரிஜா வணக்கத்துடன் எழுதுவது. நீங்களும் அண்ணாவும் அங்கே சுகம்தானே? பஹ்ரைனுக்குத் திரும்பும் பக்கத்து வீட்டு லோலாட்சி கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். போனில் பேச முடிவதில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி உங்கள் தம்பி என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

ஆபரேஷன் முடிந்தது என்று சொன்னேன் அல்லவா? அதன் பிறகு நடந்ததை இப்போதுதான் சொல்கிறேன்.

இந்தக் குரோன் நோய் குடலைச் சுருக்கிவிட்டது, அந்தத் துண்டை வெட்டி எடுக்கவேண்டும் என்று சொன்ன டாக்டர் ஷெணாய், உடனே கத்தியைத் தொட மறுத்தார். "உடம்புல சத்தே இல்ல. இப்ப வெட்டித் தச்சா தையல் ஒட்டாது. முதல்ல எடை ஏறட்டும்" என்றார். மூக்கு வழியாகக் குழாய் போட்டு ஊட்டம் கொடுக்கலாம் என்றதற்கு உங்கள் தம்பி, "நான் என்ன சார், தூண்டில்ல மாட்டின மீனா? வாயாலயே தின்னு காட்டறேன்" என்றார். டாக்டரும் சிரித்துவிட்டு விட்டுவிட்டார்.

சாப்பிட்டால் வயிறு முறுக்கும் என்பதால் சோற்றைக் கண்டாலே அவருக்குப் பயம். படகை நடத்தும் தண்டேலாக இருந்து, சாப்பாட்டுக்கு முதல் ஆளாகத் தட்டை நீட்டியவர்தானே இவர் என்று எனக்கே சந்தேகம் வரும். ஆனாலும் சிவப்பரிசிக் கஞ்சியில் முள் நீக்கிய மீனை மசித்து வைத்துவிட்டுப் போனால், திரும்பி வரும்போது கிண்ணம் காலி. ஆஸ்பத்திரித் தராசிலும் ஒவ்வொரு தடவையும் எடை கூடியிருந்தது. ரத்தப் பரிசோதனை மட்டும் அதற்கு ஒத்துவரவில்லை. டாக்டர் தயங்கினார். "எடைதான் ஏறுதே சார்! மீன்பிடித் தடைக்காலம் முடிஞ்சு படகு கிளம்பறப்ப நான் நிக்கலேன்னா வேற தண்டேலைப் போட்டுடுவாங்க" என்று இவர் கெஞ்சினார். கடைசியில் ஆபரேஷன் நடந்தது.

தையல் பிரிந்துவிட்டது, அண்ணி. உள்ளே சீழ் பிடித்து, காய்ச்சலில் பிதற்ற ஆரம்பித்ததும் மறுபடியும் திறந்தார்கள். இப்போது குடலின் வாய் வயிற்றுக்கு வெளியே இருக்கிறது. மலம் அங்கே ஒட்டிய பையில் விழுகிறது. அறுத்த காயம் மூட மறுக்கிறது.

மாற்றுத் துணி எடுக்க வீட்டுக்கு வந்தபோது, அவர் வேட்டிகளுக்கு அடியில் ஒரு இடுப்புப் பட்டை கிடைத்தது. வலையில் கட்டும் ஈயக்குண்டுகளை வரிசையாக வைத்து, அவரே தைத்தது. தடவைக்குத் தடவை குண்டைக் கூட்டி, சட்டைக்குள் கட்டிக்கொண்டு தராசில் ஏறியிருக்கிறார். நான் வைத்த கஞ்சியெல்லாம் பின்வீட்டுப் பூனைகளுக்குப் போயிருக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது.

டாக்டரிடம் சொன்னேன். ரத்தப் பரிசோதனைத் தாளை எடுத்துப் பார்த்தவர், "ரத்தம் சொல்லுச்சும்மா. நான்தான் தராசை நம்பிட்டேன்" என்றார். இவரிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. அடிவயிற்றைத் திறந்துபோட்டுக் கிடக்கிறவரிடம் என்னத்தைக் கேட்பது?

நரம்பு வழியாக ஊட்டம் ஏறுகிறது. வாயாலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டால்தான் காயம் ஆறும், பிற்பாடு குடலைச் சேர்ப்பதைப் பற்றியும் யோசிக்கலாம் என்கிறார்கள். ஆனால் வாயைத் திறக்கமாட்டேன் என்கிறார். "போதும் கிரிஜா. உள்ள போறதெல்லாம் என் கண்ணு முன்னாலயே பையில வந்து விழுது. எதுக்கு ஊட்டறே?" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறார். போன வாரம் படகுக்காரர்கள் பார்க்க வந்தார்கள். படகு புறப்பட்டுப் போன விஷயம் ஒருவன் வாயிலிருந்து தவறி வந்துவிட்டது. அன்றிலிருந்துதான் இப்படி.

கடலில் காக்கும் பொப்பர்ய தெய்வத்துக்கு நேர்ந்துகொண்டேன். உங்கள் தாய்மாமா தினமும் வந்து, "ஏய் வாமனா, புயல்லயே படகைத் திருப்பினவன், ஒரு கரண்டிக் கஞ்சிக்குப் பயப்படறியாடா?" என்று சீண்டிப் பார்க்கிறார். முன்பெல்லாம் சண்டைக்கு வருவார். இப்போது கண்ணை மட்டும் மூடிக்கொள்கிறார்.

நேற்று மட்டும் தானாக ஒரு வார்த்தை பேசினார். "அம்மா செத்தப்புறம் அக்காதான் மடியில வச்சு ஊட்டுவா. அவ ஊட்டினா தின்னுவேன்" என்றார். பிறகு, "அவ எங்க வரப்போறா" என்றார்.

இன்று காலை டாக்டர் என்னை வராந்தாவுக்கு அழைத்து, வெளியூரில் யாரும் இருக்கிறார்களா என்று கேட்டார். நீங்கள் இருக்கிறீர்கள் என்றேன். தலையாட்டினார். சீக்கிரம் வரச் சொல்லும்மா என்றார்.

நீங்கள் வேலை பார்க்கும் வீட்டு முதலாளியம்மா லீவு தரத் தயங்கினால் இந்தக் கடிதத்தையே காட்டுங்கள். பேரீச்சம்பழம், சோப்பு என்று வாங்கக் கடைகடையாக அலையாதீர்கள், அண்ணி. வெறுங்கையோடு வாருங்கள். உங்கள் கைதான் வேண்டும்.

தெய்வம் உங்களைச் சீக்கிரம் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உங்கள்,
கிரிஜா